எதிரே வந்த தொப்பிக்காரர்

1

இன்றைக்கு என்னுடைய நன்னடத்தை வருடம் முடிந்திருக்க வேண்டும். ஜெயிலிலிருந்து வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அப்படி ஒன்று உண்டு. வேகமாகப் போய் மாட்டினால் அபராதம் ஒரு பக்கம், லைசென்ஸில் கரும்புள்ளி இன்னொரு பக்கம். புள்ளிகள் ஒரு அளவைத் தாண்டினால் அரசாங்கத்திலிருந்து கடிதம் வரும். மூன்று மாதம் வண்டியைத் தொடாமல் இருக்கிறாயா, இல்லை ஒரு வருடம் ஒரு தவறும் செய்யாமல் ஓட்டிக் காட்டுகிறாயா என்று கேட்டிருப்பார்கள். வருடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நடுவில் தவறினால், மூன்று மாதம் ஆறு மாதமாகிவிடும். இத்தனைக்கும் கடிதத்தில் இரண்டு இடத்தில் 'தயவுசெய்து' என்று இருக்கும். என் மாமியார்கூட இவ்வளவு மரியாதையாக என்னை மிரட்டியதில்லை.

நான் வருடத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன். நான் இருப்பது கோதுமை வயல்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். வேலை பார்க்கும் முதியோர் இல்லம் அடுத்த ஊரில் இருக்கிறது. அடுத்த ஊர் என்றால் அம்பத்தூருக்கு அடுத்த ஆவடி மாதிரி இல்லை. மேனாம்பேட்டில் வண்டி ஏறி காஞ்சிபுரத்தைத் தாண்டிப் போகிற தூரம். நடுவில் ஒரு டீக்கடை இல்லை, ஒரு வீடு இல்லை, மாடு மட்டும் இருக்கிறது. தினமும் போய் வர பஸ் கிடையாது. ரயில் வருவது கோதுமை மூட்டைக்குத்தான், மனுஷருக்கு இல்லை. வண்டி இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் இந்த ஊரில் நான் இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஒன்பதாவது மாதம் தவறிவிட்டேன். அதனால்தான் வண்டி வெளியே துணி போர்த்தி நிற்க, நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். குடித்துவிட்டு ஓட்டவில்லை. வேகமாகவும் ஓட்டவில்லை. எதிரே வந்த ஒரு வண்டிக்கு இரண்டு முறை லைட் அடித்தேன், அவ்வளவுதான்.

2

லைட் அடிப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லி ரோட்டில் ஒரு நாளாவது போய் வந்தவர்களுக்கு அது தெரியும். எதிரே வரும் லாரி சும்மா இரண்டு முறை கண்ணடித்துவிட்டுப் போனால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். எதிரே பைக்கில் வருகிறவன் தன் தலையைத் தானே தட்டிக்கொண்டு போனால் அவனுக்குப் பைத்தியம் இல்லை, முன்னால் ஹெல்மெட் பிடிக்கிறார்கள்.

என் தம்பி பாபு கம்பெனி வேன் ஓட்டுகிறான். மேனாம்பேடு, அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்துத் தெருக்களில் ஆள் ஏற்றி, பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வேன் இல்லாத நேரத்தில் பைக். நான் நர்ஸ் வேலைக்குக் குமணன்சாவடிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பல நாள் அவன் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். அவனுடைய ஹெல்மெட் தலையில் இருக்காது, பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தை மாதிரி உட்கார்ந்து வரும்.

ஒருநாள் சென்னீர்குப்பத்துக்கு முன்னால் எதிரே வந்த ஒருவன் தலையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். பாபு ஓட்டிக்கொண்டே ஒரு கையால் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினான். கொஞ்ச தூரத்தில் நிஜமாகவே நின்றுகொண்டிருந்தார்கள். யோக்கியன் மாதிரி கடந்துபோனான். அந்தப் பக்கம் போனதும், எதிரே வெறும் தலையோடு வந்த ஒருவனுக்கு இவன் தலையைத் தட்டிக் காட்டினான்.

"அவன் யாருடா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்?"

"நமக்குக் காட்டினவன்?"

"அவனும் யாரோ. இன்னாக்கா நீ, பேரு ஊரு கேட்டுகினா காட்டுவாங்க? நமக்கு ஒருத்தன் காட்னான்ல, நாம அடுத்தவனுக்குக் காட்டணும். அவ்ளோதான் மேட்டரு."

அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சிரித்தேன். நம் ஊர்க்காரர்கள் ரோட்டில் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு கேவலமாகத் திட்டிக்கொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். குமணன்சாவடி சந்திப்பில் காலை நேரம் கேட்கும் வார்த்தைகளை எழுதினால் இதை அச்சுப்போட மாட்டார்கள். அதே ஆட்கள்தான் போலீஸ் என்று வந்துவிட்டால் கூடப் பிறந்தவர்களாகிவிடுவார்கள்.

3

நான் இந்த நாட்டுக்கு வந்தது கிராமப்புற விசாவில். நகரத்தில் நர்ஸ்கள் நிறைய, கிராமத்தில் ஆளில்லை, அங்கே போய் இத்தனை வருடம் இருப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் விசா. அப்போது கணவர் உயிரோடு இருந்தார், மகன் விக்னேஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். வருடங்கள் முடிந்ததும் நகரத்துக்குப் போய்விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். முடிவதற்கு முன்னால் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். மகன் படிக்க நகரத்துக்குப் போய் அங்கேயே வேலையும் வாங்கிக்கொண்டான். நான் மட்டும் எழுதிக் கொடுத்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

கார் ஓட்டக் கற்றது இங்கே வந்துதான். இடது பக்கம் ஓட்டுவது நம் ஊர் போலவே. ஆனால் நம் ஊரில் வேகத்துக்குச் சத்தம் உண்டு, குலுக்கல் உண்டு, பக்கத்தில் இருப்பவர் "மெதுவா, மெதுவா" என்று தொடையைப் பிடித்துக்கொள்வார். இங்கே ரோடு நூல் பிடித்த மாதிரி போகும். வளைவில்லை, எதிரே வண்டியில்லை, பக்கத்தில் ஆளில்லை. எதையாவது யோசித்துக்கொண்டே போவேன். பெரும்பாலும் கணவரோடு பேசிக்கொண்டிருப்பேன். முள் அது பாட்டுக்கு ஏறிவிடும்.

முதல்முறை மாட்டியபோது பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிந்தது. ஓரம் கட்டினேன். நம் ஊர்ப் பழக்கப்படி உடனே கதவைத் திறந்து இறங்கி, லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல் எல்லாம் இருந்த பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு போலீஸ் வண்டியை நோக்கி ஓடினேன். அவர் நம்மிடம் வருவது மரியாதை இல்லையே, நாம்தானே அவரிடம் போக வேண்டும். அந்த மனிதர் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்று, கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோய், "வண்டிக்குள்ளே போ! உட்கார்!" என்று கத்தினார். உறையோடு திரும்பி ஓடி வண்டிக்குள் உட்கார்ந்தேன். இங்கே போலீஸ் நிறுத்தினால் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டுமாம், அவர்தான் நடந்து வருவாராம்.

அதை பாபுவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "இங்க எறங்காம ஒக்காந்துகினு கீறேன்னு வையி, இன்னா தொரை, எறங்க மாட்டீங்களான்னு கேப்பாங்க. அங்க எறங்குனா சுட்டுடுவானா? இன்னாக்கா ஊரு இது!"

அந்த போலீஸ்காரர் பிறகு ஒரு சின்ன மெஷினை என் வாய்க்கு எதிரே நீட்டி, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். குடித்திருக்கிறேனா என்று அது கண்டுபிடிக்கும். பயத்தில் இங்கிலீஷ் ஓடிவிட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஆரம்பித்துவிட்டேன். ஆறில் நிறுத்தி, மன்னியுங்கள் என்று மறுபடி ஒன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எந்த மொழியானாலும் பரவாயில்லை, அதற்கு உன் மூச்சுதான் வேண்டும்" என்றார். நான் பத்து வரை தமிழிலேயே எண்ணி முடித்தேன். இந்த ஜில்லாவில் என் தமிழை நின்று கேட்டது அந்த மெஷின் ஒன்றுதான்.

அப்படி ஒருமுறை, பிறகு இன்னொருமுறை, மகனைப் பார்க்கப் போகும் வழியில் ஒரு கேமராவில் ஒருமுறை என்று புள்ளிகள் சேர்ந்து அந்தக் கடிதம் வந்தது. விக்னேஷ்தான் கம்ப்யூட்டரில் பதில் போட்டுக் கொடுத்தான்.

"ஒரு வருஷம்தானே மா, ஜஸ்ட் ரூல்ஸ் ஃபாலோ பண்ணு. ஈஸி" என்றான். அவனுக்கு எல்லாமே ஈஸி.

4

இப்போது தொப்பிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே கிராமத்து ரோடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் கடக்கும்போது, ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் கொஞ்சம் தூக்குவார். நீங்களும் தூக்க வேண்டும். வணக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்த்தபோது, ஏதோ எச்சரிக்கிறார்கள், வண்டியில் டயர் கியர் போய்விட்டதா என்று நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறேன். வேலையிடத்தில் சொன்னதும் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

நான் காலை ஷிப்டுக்குப் போகும்போது, தானியக் குதிர்களுக்கு அப்பால் இருக்கும் சின்னப் பாலத்தின் பக்கத்தில், தினமும் ஒரு பழைய வெள்ளை வண்டி எதிரே வரும். முன்னால் கார், பின்னால் திறந்த தொட்டி, நம் ஊர்க் குட்டியானையைப் பெரிதாக்கிய மாதிரி. ஓட்டுகிறவர் முகம் தெரியாது. அகலமான தொப்பி, அதற்குக் கீழே ஸ்டியரிங், ஸ்டியரிங் மேல் அந்த விரல். நான் தூக்குவேன், அவர் தூக்குவார். மழை, பனி, கோடை எதிலும் தவறியதில்லை. வருடக்கணக்காக இப்படித்தான்.

கொஞ்ச நாளில், அவர் வருவதற்கு முன்னாலேயே நான் ஸ்டியரிங்கில் கையை மேலே நகர்த்தி வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸ் சமயம் ஒரு வாரம் அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரோ என்று கவலைப்பட்டேன். திரும்பி வந்த அன்றைக்கு "எங்கேய்யா போய்ட்டீங்க?" என்று காருக்குள்ளிருந்து சத்தமாகக் கேட்டேன். முதியோர் இல்லத்தில் பேச்சுத்துணை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே என் பொறுப்பில் இருக்கும் ஆட்களில் பாதிப் பேருக்கு நேற்று நான் வந்தது இன்றைக்கு நினைவிருக்காது. தினமும் புதிதாக என் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வேன். அவர்களுக்கு தேவி என்ற பெயர் வாயில் நுழைவதற்குள் மாத்திரை நேரம் வந்துவிடும்.

பாபு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். பின்னால் வேன்காரர்கள் சத்தம், பிரியாணிக் கடை சத்தம், எவனோ ஹாரன் அடிப்பது எல்லாம் கேட்கும். ஒவ்வொரு முறையும் கடைசியில் அதே கேள்விதான்.

"அங்க யார்க்கா கீறாங்க ஒனக்கு? புள்ளையும் கூட இல்ல. பேசாம வந்துடு. முன் ரூம்பு ஒனக்குதான், நான் சொல்லிட்டேன் ஊட்ல."

முன் அறையை எனக்குக் கொடுத்தால் அவனுடைய இரண்டு பெண்களும் ஹாலில் டி.வி.க்குக் கீழே படுக்க வேண்டும். மூத்தவள் பப்ளிக் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதைச் சொன்னால் அவன் கோபித்துக்கொள்வான். அதனால் ஒருநாள், "ஆளா இல்ல? தொப்பிக்காரர் கீறாருடா" என்று சொல்லி, விஷயத்தை விளக்கினேன்.

அதிலிருந்து அவனுக்கு அது பெரிய கேலியாகிவிட்டது. "இன்னாக்கா, விரல் மாமா நல்லா கீறாரா? இன்னிக்கு வந்தாரா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பான். நானும், "வந்தாருடா, தூக்குனாரு" என்பேன். ஆனால் கவனித்தேன், அதற்குப் பிறகு 'வந்துடு' என்று சொல்வது குறைந்துவிட்டது. அக்காவுக்கு அங்கே தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று அவனுக்கு ஒரு நிம்மதி. எனக்கும்தான்.

5

நன்னடத்தை வருடத்தில் நான் ஓட்டியதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். வேகத்தைப் பட்டனில் போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கணவரிடம்கூடப் பேசாமல் போவேன். பின்னால் வரும் கோதுமை லாரிக்காரர்கள் முட்டுகிற மாதிரி வந்து ஹாரன் அடிப்பார்கள். அடித்துக்கொள் என்று விட்டுவிடுவேன்.

அன்றைக்குக் காலையில் நல்ல வெளிச்சம். தானியக் குதிர்களின் நிழலில் போலீஸ் வண்டி ஒன்று, கண்ணில் படாத மாதிரி, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. நான் அனுமதித்த வேகத்தில், பரீட்சை எழுதின பெண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து அதைக் கடந்தேன். எனக்கே என்னைப் பார்த்து பெருமையாக இருந்தது.

கடந்ததும் தூரத்தில் பாலம் தெரிந்தது. பாலத்துக்கு அப்பால் வெள்ளை வண்டி. அது பெரிதாகிக்கொண்டே வந்த விதத்தில் தெரிந்துவிட்டது, தொப்பிக்காரர் பறந்து வருகிறார். நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். கை தானாகப் போய் விளக்குக் கம்பியை இரண்டு முறை இழுத்தது. பூந்தமல்லி ரோட்டில் பாபு வேனில் இழுப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன், அதே இழுப்பு.

வெள்ளை வண்டியின் மூக்கு கீழே இறங்கியது. வேகத்தைக் குறைத்துவிட்டார். என்னைக் கடக்கும்போது அவர் விரலைத் தூக்கவில்லை, முழுக் கையையும் தூக்கினார். உள்ளங்கை தெரிந்தது. நான் கல்யாணப் பெண் மாதிரி சிரித்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தேன். நிழலில் நின்ற போலீஸ் வண்டி எப்போதோ கிளம்பி என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. சிவப்பு, நீலம் எல்லாம் எரிந்தது.

இந்த முறை இறங்கவில்லை. கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது ஒரு பெண், என் மகன் வயதுதான் இருக்கும். நல்லபடியாகவே பேசினாள். இங்கிலீஷில் பேசினதைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் வெளிச்சத்தில் பாலத்துப் பலகை இரண்டு முறை மின்னியது. எதற்கு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தீர்கள்?"

"எதிரே வந்தவருக்கு."

"நாங்கள் நிற்கிறோம் என்று சொல்வதற்கா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. ஆமாம் என்றேன்.

"அவர் உங்களுக்குத் தெரிந்தவரா?"

"ஆமாம். பல வருடமாகத் தெரியும்."

"நண்பரா?"

"ஆமாம்."

"அவர் பெயர் என்ன?"

வாயைத் திறந்தேன். பெயர், ஊர், முகம், கண் என்ன நிறம், தலையில் முடி இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். வெள்ளை வண்டி எப்போதோ போய்விட்டிருந்தது.

"எனக்கு அவர் பெயர் தெரியாது" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். பிறகு, "இந்த ரோட்டில் செத்துப்போனவர்களின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிச் சொல்வது என் வேலைதான். நீங்கள் அவருக்கு உதவி செய்ததாக நினைக்கிறீர்கள். எங்களைத் தாண்டினதும் மறுபடியும் மிதித்திருப்பார்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முதியோர் இல்லத்தில் சாவு நடந்தால் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்கிறவள் நான். அந்தக் கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எதிரே வண்டி வரும்போது பெரிய விளக்கைப் போட்டதற்கு ஒரு புள்ளி. என் லைசென்ஸைக் கணினியில் பார்த்தபோது அவள் முகம் மாறியது. "நன்னடத்தையில் இருக்கிறீர்களா? அடடா" என்றாள். அந்த அடடா நிஜமானதுதான். ஆனாலும் எழுதிவிட்டாள்.

6

விக்னேஷுக்குக் கோபம் வந்தது. "யாரோ ஒரு ஆளுக்காகவா மா? ஹூ இஸ் ஹி?" என்றான். அந்த போலீஸ் பெண்ணிடம் சொன்னதை இவனிடம் சொல்லவில்லை. நம் ஊரில் அப்படித்தான் செய்வோம் என்றேன். "இது நம்ம ஊர் இல்லையே மா" என்றான். அவன் பிறந்தது அம்பத்தூரில்தான் என்பதை நினைவுபடுத்தலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஆறு மாதமும் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். போனேன். அவனும் அவனோடு இருக்கும் பெண்ணும் ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைக்கப் பழகினேன். தாளிக்கிற வாசனை மீட்டிங்கில் தெரியாது என்று அவன் சொல்லியும், தாளிக்காமலே சமைத்தேன். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். சாப்பிடும்போது அவன் தமிழில் பேச முயற்சி செய்வான், பாதியில் அவளுக்காக இங்கிலீஷுக்குப் போவான், பிறகு அங்கேயே இருந்துவிடுவான். இரண்டு வாரத்தில், வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என்னை பஸ் ஏற்றிவிடும்போது அவன் கட்டிப்பிடித்தான். அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது, நான் அவனுடைய அம்மா, எனக்குத் தெரியாதா.

கூப்பிடுகிறார்கள் என்பது பாதிப் பொய். முதியோர் இல்லத்தில் கெஞ்சிக் கேட்டதில் ஒரு வழி சொன்னார்கள். துணி வெளுக்கும் கம்பெனியின் வேன் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊர் வழியாக அங்கே போகிறது. நெடுஞ்சாலை முனையில் நின்றால் ஓட்டுகிறவர் ஏற்றிக்கொள்வார். அந்த இரண்டு நாள் வேலை செய்யலாம், மிச்ச நாளுக்கு விடுப்பு. சரி என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த முனையில் நிற்கப் போகிறோம் என்றதும் முதலில் எனக்குத் தோன்றியது வேலையைப் பற்றி இல்லை. தொப்பிக்காரர் அந்த வழியாகத்தான் போவார் என்று தோன்றியது. என்னைக் காணாமல் தேடியிருப்பார். நடுவில் கார்க் கண்ணாடி இல்லாமல், நேருக்கு நேர் பார்க்கலாம். ஒருவேளை நிறுத்துவார். பெயர் கேட்கலாம்.

7

முதல் நாள் சீக்கிரமே போய் நின்றுவிட்டேன். தலை வாரி, நல்ல ஸ்வெட்டராகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன். ரோட்டோரத்தில் ஒரு பெயர்ப்பலகை, அதன் கீழே நான். காற்று அடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளை வண்டி வந்தது. அதே தொப்பி. முனையில் வேகத்தைக் குறைத்துதான் வந்தார். என் அருகே வரும்போது நான் விரலைத் தூக்கினேன், பிறகு போதாது என்று கையையே தூக்கிச் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. வழியில் நிற்கும் ஒரு கறுத்த பொம்பளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். லிப்ட் கேட்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்சம் நடுப்பக்கம் ஒதுங்கிப் போய்விட்டார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

கிழவர். கன்னத்தில் வெள்ளை முடி. அவ்வளவுதான் தெரிந்தது.

அவர் தெரிந்து வைத்திருந்தது என் காரைத்தான். அதற்குள் யாரிருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு அவர் முகம் தெரியாத மாதிரி அவருக்கும் என் முகம் தெரியாது. இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு இல்லை, சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கு அந்தப் பலகைக்குக் கீழே நிற்கும்போதுதான் புரிந்தது.

கொஞ்ச நேரத்தில் துணி வேன் வந்தது. ஓட்டுகிறவர் பேச்சில்லாத மனிதர். எதிரே வந்த எல்லா வண்டிகளுக்கும் விரலைத் தூக்கிக்கொண்டே போனார். அவர்களும் தூக்கினார்கள். பால் வண்டி, பள்ளிக்கூட வண்டி, டிராக்டர், யாரையும் விடவில்லை. எல்லோருக்கும் கிடைக்கிற ஒன்றை எனக்கென்று வருவதாக நினைத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். சென்னீர்குப்பத்தில் தலையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனவனை நான் நண்பன் என்று நினைக்கவில்லையே. அவன் யாராக இருந்தால் என்ன என்று சிரித்தேன். சிரித்துச் சாய்ந்துகொள்ள எனக்கு முன்னால் பாபுவின் முதுகு இருந்தது.

அன்றைக்கு முதியோர் இல்லத்தில் துணி அடுக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தினமும் போல என் பெயரைச் சொல்லி எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தேன்.

இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. போர்த்திய துணியை எடுத்துவிட்டு காரை வெளியே எடுத்தால், முதல் நாளே பாலத்தின் பக்கத்தில் வெள்ளை வண்டி வரும், விரல் தூக்கும். நானும் தூக்குவேன். வேறென்ன செய்வது, அது இந்த ஊர் மரியாதை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாபு கூப்பிட்டான். லைசென்ஸ் போனது அவனுக்குத் தெரியும், முனையில் நிற்பதை நான் சொல்லவில்லை, விக்னேஷ் சொல்லியிருக்கிறான். பின்னால் யாரோ ஒருவன் இன்னொருவனை வாயில் வராத வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். கேட்க நன்றாக இருந்தது.

"இன்னாக்கா, குளுர்ல நின்னுகினு கீறியாமே. விரல் மாமா வந்தாரா?"

"வந்தாருடா."

"ஒன்ன ரோட்ல பாத்துட்டு இன்னா பண்ணாரு?"

நான் ஒரு நொடிதான் யோசித்தேன்.

"நிறுத்துனாரு. எங்க உன் காரக் காணோம்னு கேட்டாரு."

அவன் குரல் இறங்கிவிட்டது.

"பாத்தியா? இனிமே வந்துடுன்னு ஒன்ன தொல்ல பண்ண மாட்டேங்க்கா. விசாரிக்க ஆளு கீது ஒனக்கு."

ஆமாண்டா என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டான், சாப்பிட்டேன் என்றேன்.